கடைசி பாய்லரில் ஒரு பிடி கரி

சிவசண்முகம் அண்ணாச்சி போர்த்திவிட்டுப் போன பொன்னாடை பிருந்தாவின் தோளிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அதற்குள் அலுவலகக் கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. ஆணியில் தொங்கிய காலண்டர் கீழே விழுந்தது.

வாசலில் ஒரு பெண் நின்றாள். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். வெயிலில் நடந்து வந்த முகம். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் அழுகையெல்லாம் வழியிலேயே முடிந்துவிட்டது போலிருந்தது. இங்கே சண்டை போடத்தான் வந்திருக்கிறாள்.

"இங்கன பிருந்தாங்கிறது யாரு?"

உதவியாளன் ஹெப்ரான் நாற்காலியை விட்டு எழாமலே கையை நீட்டினான். "பொன்னாடை போத்தியிருக்கவிய. போத்தாம இருக்கவன் நான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நாந்தான் முத்துராணி. திருடின்னு எழுதிக் குடுத்தியல்லா, அந்த முத்துராணி. திருடி எப்படி இருப்பான்னு ஒருதரம் நல்லாப் பாத்துக்கிடுங்க. எழுதும்போது பாக்கலைல்லா?"

பிருந்தாவுக்குச் சுருக்கென்றது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ் பிடித்துப் பழகி, பிறகு வண்ணார்பேட்டையில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவள் அவள். வேலையில் குறை சொன்னால் தாங்கமாட்டாள். மூக்கு நுனி சிவந்துவிடும். இப்போதும் சிவந்தது.

"இங்க பாரு பிள்ள. உன் ஆலையும் சிவசண்முகம் அண்ணாச்சி மகன் பாலு ஆலையும் அச்சு அசல் ஒண்ணு. அவன் ஃபைல் தேதி முந்தினது. உன்னோடது பிந்தினது. இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?"

"தேதி பேசுச்சாக்கும். நான் பேசுவேனான்னு பாக்கலை." முத்துராணியின் குரல் உடையப் போய், பிடிவாதமாக நிமிர்ந்தது. "அந்த அண்ணாச்சி நடத்துத கம்ப்யூட்டர் சென்டர்லதான் மாசக்கணக்கா உக்காந்து கட்டினேன். இப்ப என் பழைய ஃபைல் ஒண்ணையும் அங்கன காணோம். அதக் கேட்டியளா? காலையில போட்டி குரூப்புல என் பேரப் போட்டு, கீழ உங்க ரிப்போர்ட்டையும் போட்டுட்டாவ. எங்கம்மா நாத்து நட்டுக்கிட்டு நிக்கா. பக்கத்துல நடுதவ கேக்கா, 'உம் மவ கம்ப்யூட்டரத் தூக்கிட்டாளாமே'ன்னு. எங்கம்மாவுக்குக் கம்ப்யூட்டர் எம்புட்டுப் பெருசுன்னே தெரியாது. அதத் தூக்கவா முடியும்னு அவகிட்டயே திருப்பிக் கேட்டிருக்கா."

ஹெப்ரான் வாயைத் திறந்தான். பிருந்தா முறைத்தாள். மூடிக்கொண்டான்.

"நான் ஊருக்குப் போறேன். நீங்க பொன்னாடையப் போத்திக்கிட்டு சவுக்கியமா இருங்க."

வந்த வேகத்திலேயே போய்விட்டாள். கதவு இன்னொரு முறை சுவரில் மோதியது. இந்தத் தடவை விழுவதற்குக் காலண்டர் இல்லை.

விஷயம் இதுதான். 'ஆலைக்காடு' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பொட்டல் பூமியில் ஆட்டக்காரனை இறக்கி விட்டுவிடுவார்கள். தோண்டி எடுத்து, உருக்கி, தொழிற்சாலை கட்ட வேண்டும். எந்த மெஷின் ஓடவும் கரண்ட் வேண்டும். நிலக்கரியை எரித்து, பாய்லரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் கரண்ட் எடுக்க வேண்டும். குறைந்த கரியில் கூடுதல் கரண்ட், அதுவும் விட்டுவிட்டு வராமல் சீராக எடுக்கிறவருக்குப் பரிசு. பரிசு என்றால் கேடயமும் கைதட்டலும் அல்ல. போட்டி நடத்தும் கம்பெனியிலேயே வேலை. இன்று மத்தியானம் பாளையங்கோட்டை மண்டபத்தில் இறுதிச் சுற்று. நாங்குநேரிப் பக்கத்து கிராமத்திலிருந்து வந்த முத்துராணி அதில் ஆடியிருக்க வேண்டும். பிருந்தா எழுதிக் கொடுத்த ரிப்போர்ட், காலையில் அவளை வெளியே தள்ளிவிட்டது.

"மேடம்," என்றான் ஹெப்ரான் பைய. "அந்தப் பிள்ள கேட்டது ஒண்ணு மட்டும் உள்ளதுதான். நாம அவள ஒரு வார்த்தை விசாரிக்கலை."

"தெரியும்ல. வாய மூடு."

"மூடிட்டேன். காது மட்டும் திறந்திருக்கு, அதுக்குக் கதவு கிடையாது."

பிருந்தா மேஜை டிராயரைத் திறந்தாள். ரிப்போர்ட்டின் நகலை எடுத்து மேஜையில் விரித்தாள். ஏன் விசாரிக்கவில்லை? சிவசண்முகம் அண்ணாச்சி அவள் மாமாவோடு ஒன்றாகப் படித்தவர். கோயில் கமிட்டியில் இருப்பவர். பென் டிரைவைக் கையில் கொடுத்து, "எனக்கு இந்தக் கேமு கீமெல்லாம் ஒண்ணும் தெரியாது தங்கச்சி. பிள்ளை ராத்திரி பகலா கஷ்டப்பட்டுச் செஞ்சது. நீங்களே பாத்து நியாயம் சொல்லுங்க" என்று கண் கலங்கினார். பிருந்தா தேதியைப் பார்த்தாள். எழுதிவிட்டாள். அவ்வளவுதான். நினைக்க நினைக்க அவளுக்கு அவள் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

ரிப்போர்ட்டில் அந்தத் தேதி தடித்த எழுத்தில் இருந்தது. போன மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பாலு தன் ஆலையை முதன்முதலாகச் சேமித்த நேரம், முற்பகல். சேமித்த இடம், சென்டரின் கம்ப்யூட்டர். பிருந்தா கீழே கிடந்த காலண்டரை எடுத்து அந்தச் சனிக்கிழமையைத் தேடினாள். கட்டத்துக்குள் ஹெப்ரானின் கோணல் எழுத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது.

"ஏல ஹெப்ரான், அன்னைக்கு என்னத்தல எழுதி வச்சிருக்க? 'நரகம்'னு போட்டிருக்கு."

ஹெப்ரான் எட்டிப் பார்த்தான். "அதுவா? மாசாந்திர கரண்ட் கட்டு மேடம். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம தெரு பூராவும் கரண்ட் கிடையாது. நான் சட்டையக் கழத்திப் போட்டுட்டு ஃபைல் அட்டையால விசிறிக்கிட்டு இருந்தேன். நீங்ககூட, 'ஒரு கிளையண்ட் வந்தா என்னல நினைப்பான்'னு..."

பாதியில் நிறுத்தினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். எதிர்ச் சாரியில், நாலு கடை தள்ளி, சிவசண்முகத்தின் கம்ப்யூட்டர் சென்டர் பலகை வெயிலில் மினுங்கியது. அதே தெருதான். கரண்ட் வருவதும் அதே கம்பத்திலிருந்துதான்.

"அடப்பாவி மனுசா!" என்றாள் பிருந்தா. பொன்னாடையை உருவி ஹெப்ரானின் மடியில் எறிந்தாள். "வண்டிய எடு."

"நாலு கடை தள்ளிப் போறதுக்கு வண்டியா மேடம்?"

"பெறவு மண்டபத்துக்குப் போவணும்ல! எடு!"

ஹெப்ரான் பொன்னாடையால் ஸ்கூட்டரின் சீட்டைத் துடைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். பிருந்தா அதைப் பார்த்தாள். துடைத்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சென்டரின் முன் மேஜையில் ஆபிதா பீவி இருந்தாள். அட்மிஷன் போடுவதும் சாவி வைத்திருப்பதும் அவள்தான். இறுதிச் சுற்று என்பதால் வகுப்பு இல்லை, ஐயா இப்போதுதான் மண்டபத்துக்குக் கிளம்பினார், மகன் மட்டும் உள்ளே இருக்கிறான், நண்பனுக்காகக் காத்திருக்கிறான் என்றாள்.

"கரண்ட் இல்லாத அன்னைக்கு இங்க என்ன செய்வியம்மா?" பிருந்தா சாதாரணமாகக் கேட்டாள்.

"என்ன செய்ய? பூட்டிட்டு வீட்டுக்குத்தான். இன்வெர்ட்டர் ஒண்ணு இருக்கு. அது இந்த லைட்டுக்கும் ஐயா ரூம் லைட்டுக்கும்தான் காணும். கம்ப்யூட்டர் ஒண்ணுகூட ஓடாது."

"போன மாசம் கரண்ட் கட்டு வந்த சனிக்கிழமையும் பூட்டியாச்சா?"

"நாந்தான பூட்டினேன்! மச்சினி வீட்டு விசேசம் அன்னைக்கு. கரண்ட் போனது அல்லா குடுத்த லீவுன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஹெப்ரான் கதவு பாதி திறந்திருந்த ஐயாவின் அறையை எட்டிப் பார்த்தான். சுவரில் கதவளவு பெரிய டிவி. "இது என்ன, உள்ளுக்குள்ள சினிமா தியேட்டரா?"

"ஐயா கிரிக்கெட் பாப்பாவ. கதவச் சாத்திட்டா சாயங்காலம் வரைக்கும் அதுலதான். ஒரு சத்தம் வெளிய வராது. ஒரு நாளும் 'அவுட்டு'ன்னு கத்திக்கூட நான் கேட்டதில்லை."

"அப்போ நம்மாளுவ தோத்துக்கிட்டே இருந்திருப்பானுவ," என்றான் ஹெப்ரான்.

உள்ளே பாலு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். நல்ல பையன் மாதிரித்தான் இருந்தான். பிருந்தாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். வாழ்த்துச் சொல்ல வந்ததாகவும், ஜெயிக்கப் போகிற ஆலையை ஒரு தரம் பார்க்க ஆசை என்றும் அவள் சொன்னாள். அவனும் திறந்து காட்டினான்.

திரையில் ஒரு வரிசை பாய்லர்கள். ஒவ்வொரு பாய்லருக்கும் முன்னால் ஒரு எந்திரக் கை. பெல்ட்டில் வரும் கரியை அது எடுத்துப் பாய்லரில் போடும். ஆட்டக்காரன் தன் கையால் பாய்லரில் கரி போட முடியாது, அது ஆட்டத்தின் விதி. இதையெல்லாம் ஹெப்ரான்தான் கிசுகிசுத்தான். அவனும் வீட்டில் இந்த ஆட்டத்தில் ராத்தூக்கம் தொலைத்தவன்.

பிருந்தாவின் கண் பெல்ட்டையே பின்தொடர்ந்தது. சுரங்கத்திலிருந்து கிளம்பிய கரி, முதல் பாய்லரை ஒட்டிப் போகிறது, அதைத் தொடவில்லை. இரண்டாவதைத் தொடவில்லை. வரிசை முழுவதையும் தாண்டி, கோடியில் இருக்கிற கடைசி பாய்லர் வரை போய், அங்கே திரும்பி, அதற்கு முதலில் ஊட்டிவிட்டு, பிறகு பின்னாலேயே ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டு வருகிறது.

"இது என்னல சுத்து வேலை? இம்புட்டு பெல்ட்டு எதுக்கு?" என்று காதோரம் கேட்டாள்.

"அதத்தான் நானும் பாக்கேன். யாரும் இப்படிப் போட மாட்டான். ஆனா மேடம், நேராப் போட்டா கரி குறையும்போது முன்னால இருக்க பாய்லர் பூரா அள்ளிக்கிடும், கடைசியில இருக்கது செத்துப் போவும். இதுல அப்படி ஆவாது. பயங்கர மூளை."

பிருந்தா நிமிர்ந்தாள். "பாலு, கரியை ஏன்பா கடைசிக்கு மொதல்ல கொண்டு போன?"

பாலு விழித்தான். "அது... பாக்கதுக்கு அழகா இருக்கும்லா ஆன்ட்டி. வளைஞ்சு."

"அழகு," என்றாள் பிருந்தா. "சரிப்பா. நல்லா ஆடு."

வெளியே வந்ததும் அவள் முகத்தைப் பார்த்து ஹெப்ரான் இரண்டடி தள்ளியே நடந்தான். "கடைசிக்கு மொதல்ல... இப்படி ஒரு நினைப்பு எங்கிருந்துல வரும்?" என்று அவள் தனக்குத்தானே கத்தினாள். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "கேக்க வேண்டியது யாருகிட்ட? பஸ்ஸுல ஏறப் போறாளே அவகிட்ட! விடுல வண்டிய பைபாசுக்கு!"

நாங்குநேரி வழியாகப் போகிற பஸ் ஒன்று அப்போதுதான் நிறுத்தத்தில் வந்து நின்றது. முத்துராணி படியில் கால் வைத்துவிட்டாள். ஹெப்ரான் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் பஸ்ஸின் முகத்துக்கு நேராக நிறுத்தினான். டிரைவர் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்.

"இன்னும் என்ன வேணும்?" முத்துராணி படியை விட்டு இறங்கவில்லை.

"ஒரு கேள்வி கேக்கலைன்னு சொன்னல்லா? இப்பக் கேக்கேன். கரிய ஏன் கடைசி பாய்லருக்கு மொதல்ல விட்ட?"

முத்துராணி பிருந்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இது ஒரு கேள்வியா? எங்க ஊருல தண்ணி அப்படித்தான் பாயும். வாய்க்கால்ல தண்ணி வந்தா மொதல்ல கடைசி வயலுக்கு. பெறவு அங்கனயிருந்து மேல மேல ஏறி வரணும். தலைமடைக்காரன் மொதல்ல தொறந்துட்டான்னா, கடைமடைக்குச் சொட்டு வராது. ஊர்க்கட்டு அது. மீறினா கோயில் கொடைக்கு வரி வாங்காம ஒதுக்கி வச்சிருவாவ. எங்க வயலு கடைசி. அதான் எனக்கு அப்படித்தான் கட்ட வரும்."

பிருந்தாவுக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. அவள் பிறந்த வீட்டு நிலம் அம்பாசமுத்திரம் பக்கம், வாய்க்கால் தொடங்குகிற இடத்தில். தண்ணீர் முதலில் அவர்கள் வயலில்தான் விழும். கடைசி வயல் யாருடையது என்று அவள் வீட்டில் யாரும் கேட்டதே கிடையாது. சிவசண்முகத்தின் நிலமும் அதே வாய்க்கால், அதே தலைமடை. அந்த வீட்டில் யாருக்கும் இப்படி ஒரு நினைப்பு வந்திருக்காது.

"சரி. ஆலையில மொத்தக் கரண்டும் போயிட்டுன்னு வையி. திரும்ப எப்படி உசுப்புவ?"

"கை எல்லாம் கரண்ட்ல ஓடுது. கரண்ட் இல்லைன்னா கை அசையாது, கை அசையலைன்னா கரி விழாது, கரி இல்லைன்னா கரண்ட் ஏது? அதுக்குத்தான் கடைசி பாய்லருக்கு மட்டும் கரியிலயே ஓடுத கை வச்சிருக்கேன். அதுல ஒரு பிடி கரியப் போட்டாப் போதும். அந்த பாய்லர் எந்திரிக்கும். அது பக்கத்துல இருக்கத எழுப்பும். ஒவ்வொண்ணா மேல ஏறி எல்லாம் எந்திரிச்சிரும்."

"இத யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாருகிட்டச் சொல்ல? பழகிப் பாக்கணும்னு நானே தனியா அணைச்சு அணைச்சு ஏத்திப் பாத்திருக்கேன். அம்புட்டுதான்."

"எறங்கு," என்றாள் பிருந்தா. "எறங்கு பிள்ள. வண்டியில ஏறு."

"மூணு பேரு ஏறினா போலீஸ் பிடிக்கும் மேடம்," என்றான் ஹெப்ரான்.

"அப்போ நீ எறங்குல."

அவன் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் தொங்கியபடி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது, பிருந்தா மேடைக்குப் பக்கத்தில் நின்று போட்டி அமைப்பாளர் பிரேமலதாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பிரேமலதா வம்புக்குப் போகாதவள், விதிமுறையை விட்டு அங்குலம் நகராதவள்.

"காலையில நீங்கதானே ரிப்போர்ட் குடுத்தீங்க? மத்தியானம் நீங்களே வந்து தப்புன்னு சொன்னா நான் எதை நம்ப?"

"காலையில நான் சொன்னத நம்பினீங்கல்லா? அதே வாய்தான இது! ஒரே ஒரு சோதனை வையுங்க. ரெண்டு பேரு ஆலையையும் அணைங்க. கட்டினவங்க யாரோ அவங்க ஏத்தட்டும்."

முன் வரிசையில் சிவசண்முகம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முத்துராணியைக் கண்டதும் முகம் சுருங்கியது. பிறகு சிரித்துக்கொண்டே எழுந்தார். "என்ன தங்கச்சி, முடிஞ்ச விசயத்த ஏன் கிண்டுதிய? சோதனைதானே, வையுங்க. எம் மகன் கட்டினது. அவன் ஏத்த மாட்டானா?"

மண்டபம் நிறையக் கூட்டம். பெரிய திரையில் பாலுவின் ஆலை. பிரேமலதா ஒரு பட்டனைத் தட்டினாள். திரையில் ஆலையின் விளக்குகள் வரிசையாக அணைந்தன. எந்திரக் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன.

பாலு எங்கே போனான்? பிருந்தா நினைத்த இடத்துக்கேதான் போனான். முதல் பாய்லருக்கு. தலைமடைக்கு. அவள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் ஓடியிருப்பார்கள். பெல்ட்டில் கரியை அள்ளிக் கொட்டினான். முதல் கை அசையவில்லை. இரண்டாவதற்குப் போனான். அதுவும் அசையவில்லை. திரும்ப முதலாவதற்கு வந்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இருட்டு ஆலைக்குள் பையன் அங்கும் இங்கும் ஓடினான். அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"முடியலைன்னா சொல்லிடுப்பா," என்றாள் பிரேமலதா.

"ஏலே, கடைசிக்குப் போலே!"

மண்டபமே திரும்பியது. சிவசண்முகம் எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "கடைசி பாய்லருலே, மூதேவி! அந்தக் கை கரியில ஓடுத கை! அதுல ஒரு பிடி போடுலே!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

பிருந்தா நிதானமாக நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். ஆனால் குரல் நிதானமாக இல்லை. "அண்ணாச்சி. உங்களுக்குத்தான் கேமு கீமெல்லாம் ஒண்ணும் தெரியாதே?"

"அது... வீட்டுல பையன் சொல்லிக்கிட்டு இருப்பான்..."

"நான் எங்கப்பா சொன்னேன்?" பாலு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவமானத்தில் அவன் குரல் கிறீச்சிட்டது. "எனக்கே இப்பத்தான தெரியும்! கோயம்புத்தூர்ல ஆள் வச்சுச் செஞ்சது, நீ ஒண்ணையும் தொடாத, சும்மா ஓட்டுனாப் போதும்னு நீங்கதான சொன்னீங்க! அந்தப் பிள்ளையோடதா இது? அந்தப் பிள்ளையோடதாப்பா?"

இதை பிருந்தா எதிர்பார்க்கவில்லை. பையன்தான் திருடன் என்று நினைத்து வலை விரித்திருந்தாள். வந்து மாட்டிக்கொண்டது அப்பன்.

"கிரிக்கெட்!" என்று பின்னாலிருந்து கத்தினான் ஹெப்ரான். "மேடம், கிரிக்கெட்டு! அந்தப் பெரிய டிவி! பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல செய்யுத அம்புட்டையும் அதுலதான் உக்காந்து பாத்திருக்காரு. அதான் ஒரு நாளும் சத்தமே வரலை!"

"இன்னைக்கு வந்துட்டு," என்றாள் பிருந்தா. "ஒரு சின்னப் பிள்ள தனியா உக்காந்து அணைச்சு ஏத்திப் பழகினத, கதவச் சாத்திக்கிட்டுத் திருட்டுத்தனமாப் பாத்திருக்கிய. பாத்து, எடுத்து, அவ ஃபைல் பூராவும் அழிச்சு, அவளையே திருடின்னு சொல்ல என்னையக் கூலிக்குப் பிடிச்சிருக்கிய. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"வாய அடக்கிப் பேசுங்க! தேதி இருக்குல்லா? நீங்களே எழுதினதுதான! தேதி பொய் சொல்லுமா?"

"கம்ப்யூட்டர்ல தேதியப் பின்னால தள்ளி வச்சிய, சரி. ஆனா தள்ளி வச்ச தேதி எது? மாசாந்திர கரண்ட் கட்டு! அன்னைக்கு நம்ம தெருவுல ஒரு ஃபேன் சுத்தலை. ஆபிதா பீவி சென்டரப் பூட்டிட்டு விசேச வீட்டுக்குப் போயிருக்கா. இந்த ஊருலயே கரண்ட் இல்லாத அன்னைக்கு உக்காந்து கரண்ட் ஆலை கட்டின ஒரே ஆளு நீங்கதான் அண்ணாச்சி!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிவசண்முகம் சுற்றிலும் பார்த்தார். மகன் அவரைப் பார்க்கவே இல்லை. ஹெப்ரான் முன்னால் வந்து, ஸ்கூட்டர் சீட்டு அழுக்கோடு இருந்த பொன்னாடையை மரியாதையாக இரண்டு கையாலும் விரித்து அவர் தோளில் போட்டான்.

"சீட்டு நல்லாத் தொடைக்கு அண்ணாச்சி. வேற ஒண்ணும் குறையில்லை."

அவர் அதை உதறிவிட்டு வெளியே நடந்தார்.

பிரேமலதா முத்துராணியைக் கூப்பிட்டாள். "உன் ஆலையையும் அணைச்சாச்சு. ஏத்திக் காட்டும்மா."

முத்துராணி அவசரப்படவில்லை. நேராகக் கோடிக்குப் போனாள். கடைசிக் கையில் ஒரு பிடி கரி. கை ஒருதரம் நடுங்கி அசைந்தது. கடைசி பாய்லரில் தீ பிடித்தது. அதற்கு அடுத்த விளக்கு எரிந்தது. பிறகு அதற்கடுத்தது. கீழிருந்து மேலே, வரிசை முழுவதும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிருந்தா மேடையேறி மைக்கை வாங்கினாள். "காலையில குரூப்புல வந்த ரிப்போர்ட் நான் எழுதினது. அது பொய். நான் ஆளைப் பாக்கலை, கேக்கலை, விசாரிக்கலை. தெரிஞ்சவரு சொன்னாருன்னு எழுதிட்டேன். முத்துராணி திருடலை. திருட்டுக் குடுத்தவ அவ." மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள்.

பிரேமலதா அங்கேயே நின்று குரூப்பில் பழைய செய்தியை அழித்துப் புதியதைப் போட்டாள். முத்துராணி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகுதான் தலையாட்டினாள். அந்தச் செய்தியைத் தன் தம்பி போனுக்கு அனுப்பி, "அம்மாட்ட வாசிச்சுக் காட்டுல. கூட நடுதவளுக்கும் கேக்கும்படியா வாசி" என்று குரல் பதிவு போட்டாள்.

"ஆட்டம் ஆரம்பிக்கணும்," என்றாள் பிரேமலதா. "உன் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா. இப்போ கடைசி நாற்காலிதான் இருக்கு. அந்த மூலையில. பரவாயில்லையா?"

முத்துராணி அந்த மூலையைப் பார்த்தாள். அன்று முதன்முதலாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "கடைசிதான? குடுங்க. எனக்கு அங்கன இருந்துதான் ஆரம்பிக்க வரும்."

போகிற வழியில் பிருந்தா குறுக்கே வந்தாள். "முத்துராணி, நான்..."

"மன்னிப்பு கின்னிப்பெல்லாம் இப்ப வேண்டாம் மேடம்." சிரிப்பு போய்விட்டது. காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்த அதே முகம். "என் கோவம் இன்னும் தீரலை. இப்ப எனக்கு வேலை கிடக்கு. ஆட்டத்த முடிச்சிட்டு நேரா உங்க ஆபீசுக்கு வாரேன். வந்து நல்லாத் திட்டணும்."

அவள் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஹெப்ரான் தொண்டையைச் செருமினான். "மேடம், திட்டுறதுக்கு அப்பாயின்ட்மென்ட் கேக்கா. எத்தனை மணிக்குப் போடட்டும்?"

பிருந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நுனி இன்னும் சிவந்துதான் இருந்தது.

"நேரம் ஒண்ணும் போடாதல. அவ எப்ப வந்தாலும் கதவு திறந்திருக்கணும். போயி காலண்டர ஒழுங்கா மாட்டு."